வாசல் காத்த முனி

அநுராதபுரம் போவோம் என்று முதலில் வாயைத் திறந்தவர் என் புருசன்தான். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததில் என் பங்கும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தொடக்கி வைத்த புண்ணியம் சுதாகரனுக்கே சேரட்டும்.

அந்த வைகாசியில் காணி அதிகாரிகள் வந்து விசாரித்த காணிக் கச்சேரியில் எங்கள் கடதாசிக் கோவையைப் புரட்டிப் பார்த்த அதிகாரி, "எல்லாம் சரியா இருக்கு. இன்னும் ரெண்டு மாசத்தில பெர்மிட் கைக்கு வரும்" என்று சொல்லியிருந்தார். பெர்மிட் என்பது ஒரு கடதாசி. இந்த இரண்டு ஏக்கரும் உன்னுடையது, நீ செய்து சாப்பிடு என்று அரசாங்கம் எழுதித் தரும் கடதாசி. அது இல்லாமலே நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் அந்த வயலைச் செய்துகொண்டிருந்தோம். என் மாமனார் வீரபாகு, எழுபத்தேழு கலவரத்தில் மாத்தளைத் தோட்டத்து லயத்து வீடு எரிந்தபின் உடுத்த துணியோடு கனகராயன்குளம் வந்து, பெருந்தெருவிலிருந்து நாலு மைல் உள்ளே ஒரு சின்னக் குளத்தின் கீழே காடு வெட்டியவர். கடதாசியைக் கண்ணால் காணாமலே செத்துப்போனார். உர மானியம் கேட்டால் பெர்மிட் எங்கே என்பார்கள். வீட்டுத்திட்டம் கேட்டாலும் பெர்மிட் எங்கே என்பார்கள். யுத்தம் முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்தபோது, "இது உங்கட காணி எண்டதுக்கு என்ன ஆதாரம்?" என்று ஒருவர் கேட்டார். மாமனார் நட்ட தென்னைகளைக் காட்டினோம். தென்னைக்கு வாய் இல்லை.

அந்தக் குளத்தின் கீழே பதினாலு குடும்பம். ஒன்பது குடும்பத்துக்குப் பெர்மிட் உண்டு. அவர்கள் குடியேற்றத் திட்டத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். மற்ற ஐந்து குடும்பம் நாங்கள், மலைநாட்டிலிருந்து வந்தவர்கள். விவசாயிகளின் கமக்கார அமைப்பின் தலைவர் கனகலிங்கம் ஐயா எங்களைப் பற்றிப் பேசும்போது "பிறகு வந்த ஆக்கள்" என்பார். கோபம் வந்தால் "தோட்டக்காட்டார்" என்பார். அவருடைய அப்பாவும் பஸ்ஸில் வந்து இறங்கியவர்தான். என்ன, எங்கள் பஸ்ஸுக்கு இருபது வருடம் முந்திய பஸ். அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் சுதாகரனுக்கு நெஞ்சில் தைக்கும். வெளியில் காட்டமாட்டார். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார்.

கச்சேரி முடிந்து வந்த நாளிலிருந்து மனுசனுக்குக் கால் தரையில் படவில்லை. எங்கள் மகள் நிசாந்தினிக்குப் பதினேழு வயது. சாதாரண தரப் பரீட்சையில் வரலாற்றுக்கு ஏ எடுத்தவள். புத்தகத்தில் படித்த நகரத்தை ஒருநாள் காட்டுங்கள் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனி மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, வயலுக்குத் தண்ணீர் கட்டி முடித்த கையோடு, "கிளம்புங்க ரெண்டு பேரும். நானே எல்லாத்தையும் கேட்டுச் சொல்றேன்" என்றார். அவர் சின்ன வயதில் குருநாகலில் ஓர் அரிசி ஆலையில் பத்து வருடம் வேலை செய்தவர். எழுதப் படிக்க வராது, ஆனால் சிங்களம் தண்ணீர் மாதிரி ஓடும். எங்கள் குளத்தடியில் அது வேறு எவருக்கும் வராது. அந்த ஒரு விசயத்தில் கனகலிங்கம் ஐயாவும் அவரைத் தேடி வரவேண்டியிருந்தது.

வவுனியாவில் பஸ் மாறி, மூன்று மணிக்கு அநுராதபுரத்தில் இறங்கினோம். ஒரு ஆட்டோவைப் பேசிக்கொண்டு சுற்றத் தொடங்கினோம். இறங்கிய இடத்திலேயே நான் செய்த பிழை விளங்கிவிட்டது. அங்கே எல்லோரும் வெள்ளை உடுப்பு. கிழவியும் குஞ்சும் குருமனும் வெள்ளை. நான் கல்யாண வீட்டுச் சிவப்புச் சேலை, மகள் மஞ்சள் சுடிதார், இவர் நீலத்தில் பூப்போட்ட சேர்ட். தேர்த்திருவிழாவுக்கு வந்தவர்கள் வழிதவறி வந்து நிற்பது போல நின்றோம்.

"அம்மா, பொட்டை அழிக்கட்டோ?" என்று நிசாந்தினி காதுக்குள் கேட்டாள்.

"ஏன்டி, பொட்டைக் கண்டா கடிச்சிருவாங்களா? அப்படியே இரு" என்றேன். எனக்கும் பயம்தான், அதனால்தான் அப்படி எரிந்து விழுந்தேன். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். ஒருவரும் எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒரு வயதான அம்மா தன் தட்டிலிருந்த தாமரைப் பூவில் இரண்டை எடுத்து மகளின் கையில் வைத்துவிட்டுப் போனார். அவருக்கு நாங்கள் யாரென்று தெரிந்துதான் இருக்கும்.

வெள்ளைக் கோபுரம் போல நின்ற பெரிய தூபியைச் சுற்றி வந்தோம். பிறகு செங்கல் தூபி. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலித்தது. எத்தனை கோடிக் கல்லு என்று இவர் யாரையோ கேட்டு வந்து சொன்னார். "அந்தக் கணக்கு சரியில்லை அப்பா" என்று மகள் திருத்தினாள். அவள் ஒவ்வொரு இடத்திலும் எந்த அரசன், எந்த நூற்றாண்டு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். குரங்கு ஒன்று என் கையிலிருந்த பிஸ்கட் பையைப் பறித்துக்கொண்டு ஓடியது. நாங்கள் மூன்று பேரும் அப்படிச் சிரித்து எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று எனக்கே தெரியவில்லை. கால் வலித்தது, ஆனாலும் சந்தோசமாக இருந்தது. பெர்மிட் வரப்போகிறது, மகள் படிக்கிறாள், புருசன் சிரிக்கிறார். அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஐந்து மணிபோல ஆட்டோக்காரர் எங்களை மரங்களுக்கு நடுவில் இருந்த இடிபாடுகளுக்குக் கூட்டிப் போனார். கூட்டம் இல்லை. கல்தூண்கள் நின்றன, அத்திவாரங்கள் தெரிந்தன, கூரை ஒன்றுக்கும் இல்லை. நாலைந்து பேர் ஒரு பக்கத்தில் கயிறு கட்டிச் சதுரமாகக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு படிக்கட்டின் பக்கத்தில் போன சுதாகரன் ஆணி அடித்த மாதிரி நின்றார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

"புள்ள, இங்க வா! நம்ம முனி!"

நானும் பார்த்தேன். எங்கள் முனியேதான். இடுப்பை வளைத்து நிற்கிற ஆள், தலைக்குப் பின்னால் படமெடுத்த நாகம், ஒரு கையில் குடம், மறு கையில் பூங்கொடி. எங்கள் வயல் மூலையில், பாலைமரத்தடியில், முழங்கால்வரை மண்ணுக்குள் நிற்கிற அதே ஆள். மாமனார் காடு வெட்டியபோது மண்வெட்டி பட்டு 'ணங்' என்று கேட்டதாம். தோண்டிப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டு, "முனியப்பா, நீதான் காவல்" என்று அன்றே பொங்கல் வைத்தாராம். அன்றிலிருந்து ஒவ்வொரு விதைப்புக்கும் அவருக்குப் பொங்கல், சேவல், ஒரு சின்னப் போத்தல் சாராயம். மஞ்சள் பூசிப் பூசி அவர் மூக்கே மறைந்துபோயிருந்தது. முதலில் சிரித்த கனகலிங்கம் ஐயா வீட்டாரும் கொஞ்ச வருடத்தில் போகிறபோக்கில் கற்பூரம் கொளுத்தத் தொடங்கினார்கள். "அது எங்கட நாகதம்பிரான், உங்களுக்கு முந்தியே நிண்டவர்" என்று ஐயா சொல்லிக்கொள்வார். சாமியையும் அவர்கள் முந்திய பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

சுதாகரன் அந்தப் படிக்கட்டில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். மகளின் கையிலிருந்த தாமரையை வாங்கிக் கல்லின் காலடியில் வைத்தார். குழி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவர்களுக்கு மேலதிகாரி போல ஒருவர், நாற்பது வயதிருக்கும், தொப்பியும் மூக்குக்கண்ணாடியுமாக, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். எந்தக் கந்தோர், எந்த இலாகா ஆள் என்று எனக்கு விளங்கவில்லை. சட்டைப்பையில் அடையாள அட்டை தொங்கியது. அவர் பேசியதை இவர் அவ்வப்போது எங்களுக்குத் தமிழில் சொன்னார். மகளுக்கும் பள்ளிக்கூடத்துச் சிங்களம் கொஞ்சம் விளங்கும்.

"இவர் கடவுள் இல்லை. வாசற்காவல்காரர். கட்டடத்துக்குள் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள். நாங்கள் முரகல என்போம். காவல்காரருக்குப் பூவைத்துக் கும்பிடுகிற ஆளை நான் இன்றைக்குத்தான் காண்கிறேன்" என்றார் அந்த மனுசன். இளக்காரமாகச் சொல்லவில்லை. ஆனால் வேலைக்காரர்கள் மறுபடியும் சிரித்தார்கள்.

சுதாகரனின் முகம் கறுத்தது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். கனகலிங்கம் ஐயாவின் முன்னால் வருகிற முகம் அது. அவர் நிமிர்ந்து நின்று, மளமளவென்று சிங்களத்தில் பேசத் தொடங்கினார். எங்கள் வயலிலும் இதே ஆள் நிற்கிறார், இதைவிட ஒரு முழம் உயரம், இதில் மூக்கு உடைந்திருக்கிறது, அதில் உடையவில்லை, என் அப்பா கண்டெடுத்தார் என்று அடுக்கினார்.

அதிகாரியின் சிரிப்பு நின்றது. "எங்கே?" என்று கேட்டார்.

"கனகராயன்குளம்."

"படம் இருக்கிறதா?"

சுதாகரன் என் பக்கம் திரும்பினார். அவரிடம் இருப்பது பட்டன் போன். படம் பிடிக்கிற போன் என்னிடம்தான். சித்திரையில் விதைப்புப் பொங்கலுக்கு எடுத்த படங்கள் அதில் இருந்தன. முனிக்கு மாலை, முன்னால் வாழையிலை, பக்கத்தில் நாங்கள் மூன்று பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம்.

"எடு புள்ள, காட்டு."

நிசாந்தினி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அம்மா, காட்டாதேங்கோ. வாசல்காரர் நிண்டா உள்ளுக்கு ஒரு கட்டடம் இருக்கோணும். அதைத் தேடித் தொல்பொருள் ஆக்கள் வருவினம். எத்தினை இடத்தில இப்படி வயலுக்குள்ள கட்டை அடிச்சிருக்கினம் எண்டு போனில பாக்கேல்லையே? பெர்மிட்டும் இன்னும் வரேல்லை."

அவள் சொன்னது எனக்கு நன்றாக விளங்கியது. விளங்காமல் செய்தேன் என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த வேலைக்காரர்கள் சிரித்த சிரிப்பு என் காதுக்குள் இருந்தது. என் மாமனார் கும்பிட்ட, என் புருசன் கும்பிட்ட சாமியைப் பார்த்து ஊரான் சிரிக்கிறான். எங்களிடமும் ஒரு பழைய பொருள் இருக்கிறது, நாங்களும் நேற்று வந்து இறங்கின ஆட்கள் இல்லை என்று எவனுக்காவது காட்டவேண்டும் போலிருந்தது. அந்த ஆசை சுதாகரனுக்கு மட்டுமா இருந்தது?

"வாயை மூடு. பெரிய படிப்புப் படிச்சிட்டா" என்று மகளின் கையைத் தட்டிவிட்டேன். படத்தைக் காட்டினேன். அனுப்பச் சொன்னார். அவர் சொன்ன இலக்கத்துக்கு என் விரலாலேயே நாலு படம் அனுப்பினேன்.

அந்த மனுசனின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. எங்களைத் தன் கூடாரத்துக்குக் கூட்டிப் போனார். பிளாஸ்டிக் கதிரை போட்டு இருத்தினார். பிளேன்ரீயும் மாரி பிஸ்கட்டும் தந்தார். எங்களை 'நீங்கள்' என்று மரியாதையாகத்தான் பேசினார். எங்களோடு கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்த அரசாங்க அதிகாரி அதற்கு முன் ஒருவரும் இல்லை. சுதாகரன் குளிர்ந்துபோய்விட்டார். கேட்டதற்கும் பதில் சொன்னார், கேளாததற்கும் சொன்னார். உழும்போது பெரிய பெரிய செங்கல் வரும் என்றார். ஒரு செங்கல்லை ஒரு கையால் தூக்க முடியாது என்றார். எங்கள் சமையல் குசினித் தரையே அந்தக் கல்லில்தான் போட்டிருக்கிறது என்று பெருமையாகச் சொன்னார். அதிகாரி எழுதுவதை ஒரு கணம் நிறுத்திவிட்டுப் பிறகு அதையும் எழுதிக்கொண்டார்.

தன் போனில் வரைபடத்தைத் திறந்து, இடத்தைக் காட்டச் சொன்னார். சுதாகரன் விரலை வைத்து, "இது ரோட்டு. இது குளம். இது கட்டு வளையிற இடம். இதுதான் நம்ம பாலைமரம்" என்று தமிழும் சிங்களமும் கலந்து காட்டினார். அதிகாரி அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி போட்டார். நிசாந்தினி கூடாரத்துக்குள் வரவேயில்லை. வெளியே ஒரு கல்லில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள்.

"காணிக்கு உறுதிப் பத்திரம் இருக்கிறதா?" என்று கடைசியாகக் கேட்டார்.

"இன்னும் ஒரு மாசத்தில பெர்மிட் வருது" என்றார் இவர்.

"மிகவும் நல்லது" என்று சொல்லிக் கைகொடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் சுதாகரனின் வாய் ஓயவில்லை. "பாத்தியா புள்ள, நம்ம காணி ராசா காலத்துக் காணி. இனி எவன் நம்மளப் பாத்து வந்தான் வரத்தான்னு சொல்லுவான்? கனகலிங்கம் ஐயாவுக்கு மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாரு." நான் "கத்தாதீங்க, ஆக்கள் பாக்கிறாங்க" என்று சொன்னேனே தவிர, உள்ளே எனக்கும் இனித்தது. மகள் வவுனியா வரும்வரை ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை.

அந்தக் கதையை ஊரில் ஐயாவிடம் சொல்லவும் இவருக்கு வாய்க்கவில்லை. ஐயா மகளின் பிரசவத்துக்குக் கொக்கிளாய் போயிருந்தார். அவர் வரட்டும், எல்லோருக்கும் முன்னால் சொல்லவேண்டும் என்று இவர் அடக்கிவைத்துக்கொண்டிருந்தார். அந்த அடக்கம்தான் பிறகு எங்களைக் காப்பாற்றியது. காப்பாற்றியது என்று சொல்லலாமோ என்னவோ.

பதினோராம் நாள் காலை இரண்டு ஜீப் வந்தது. முதல் ஜீப்பில் அந்த அதிகாரி. சுதாகரன் வயலிலிருந்து சேற்றுக்காலோடு ஓடிப்போய்க் கைகொடுத்தார். தென்னையில் ஏறி இளநீர் பிடுங்கினார். அதிகாரி அதை வாங்கிக் குடித்து, தோளில் தட்டினார். சுதாகரன் என்னிடம் வந்து, "விருந்தாளிங்க புள்ள. கோழி அடி" என்றார். அடித்தேன். ஒன்பது பேருக்குச் சோறும் கோழிக்குழம்பும் முருங்கைக்காய்ப் பால்கறியும் வைத்தேன். நான் அடுப்படியில் நின்ற நேரத்தில் அவர்கள் முனியின் மாலையைக் கழற்றி, மஞ்சளைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பிரஷ்ஷால் தேய்த்துப் படம் எடுத்தார்கள். முனிக்கு மூக்கும் கண்ணும் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அதையும் மகிழ்ச்சியாகத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாப்பிட வந்தபோது ஒருவர் குனிந்து என் குசினித் தரையைப் படம் எடுத்தார். சாப்பாடு நல்ல ருசி என்று எல்லோரும் சொன்னார்கள்.

சாப்பிட்டு முடிந்ததும் அளவு நாடாவை விரித்தார்கள். முனி வாசலில் நிற்கிறார் என்றால் அவருக்குப் பின்னால் கட்டடம், கட்டடத்தைச் சுற்றி மதில், மதிலுக்கு வெளியே குளம் என்று அவர்களுடைய கணக்கு விரிந்துகொண்டே போனது. கதிர் தள்ளி நின்ற நெல்லுக்குள் இறங்கிச் சிவப்புத் தலை போட்ட கட்டைகளை அடித்தார்கள். முதல் மணித்தியாலத்திலேயே எங்கள் இரண்டு ஏக்கரும் உள்ளே போய்விட்டது. பிறகு மற்ற நாலு மலைநாட்டுக் குடும்பம். பிறகு கனகலிங்கம் ஐயாவின் வயல். வெயில் சாய்வதற்குள் பதினாலு குடும்பத்தின் வயலும் சிவப்புக் கட்டைக்குள் நின்றது. அப்போதுதான் சுதாகரன் இளித்துக்கொண்டிருந்த வாயை மூடினார்.

குளக்கட்டில் எல்லோரும் கூடிவிட்டார்கள். முதல்நாள்தான் கொக்கிளாயிலிருந்து திரும்பியிருந்த ஐயாவும் மனைவி விமலேஸ்வரியும் ஓடிவந்தார்கள். பொலிஸ்காரர் இருவர் தள்ளி நின்றார்கள். அதிகாரி ஒரு கடதாசியை எடுத்துச் சிங்களத்தில் வாசித்தார். தமிழில் சொல்ல அங்கே ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

"இந்தக் கட்டைக்குள்ள இனி உழக்கூடாதாம்" என்றார் சுதாகரன். "விதைக்கக்கூடாது. கட்டக்கூடாது. நிக்கிற நெல்லை மட்டும் அறுக்கலாமாம்." பிறகு அதிகாரி ஒரு வசனம் வாசித்தார். இவர் வாயைத் திறந்து, மூடி, திரும்பத் திறந்தார். "பெர்மிட் உள்ள ஆக்கள் ஒரு விண்ணப்பம் போடலாமாம். இல்லாத ஆக்கள்... இல்லாத ஆக்களுக்கு ஆராய்ச்சி முடியுமட்டும் பெர்மிட் குடுக்கமாட்டாங்களாம்."

"எத்தினை நாளைக்காம்?" என்று ஐயா கேட்டார்.

"அது தெரியாதாம் ஐயா."

ஐயா இவருடைய பக்கம் திரும்பினார். "இவ்வளவு காலமும் வெளியில ஆருக்கும் தெரியாமல் நிண்ட கல்லு. இவைக்கு ஆர் சொன்னது? கேளும் தம்பி. ஆர் சொன்னதெண்டு கேளும்."

சுதாகரன் கேட்டார். வேறு எதையாவது கேட்டிருக்கலாம், ஒருவருக்கும் தெரிந்திராது. ஆனால் அந்த நேரத்தில் மனுசனுக்கு அது தோன்றவில்லை. அதிகாரி சிரித்தார், நல்ல மனதோடுதான் சிரித்தார். இவருடைய தோளில் கையைப் போட்டு ஏதோ சொன்னார். அதில் 'ஒயா' என்ற ஒரு சொல் எனக்கு விளங்கியது. நீ. எனக்குப் பக்கத்தில் நின்ற நிசாந்தினி கண்ணை மூடிக்கொண்டாள்.

பதினாலு குடும்பமும் சுதாகரனின் வாயைப் பார்த்தது.

"மேல இருந்து பிடிச்ச படத்தில கண்டவங்களாம்" என்றார். "செய்மதியில."

"செய்மதியில தெரியிறதுக்கு அது என்ன மலையே? மரத்துக்குக் கீழ நிக்கிற கல்லு" என்றார் ஐயா. "எவனோ காட்டிக் குடுத்திருக்கிறான்." ஆனால் இவரைப் பார்த்து அவர் அதைச் சொல்லவில்லை. இவரைச் சந்தேகிக்க யாருக்கு மனம் வரும்? எல்லோரையும் விட அதிகமாக இழந்தது நாங்கள். அவர்களுக்காவது விண்ணப்பம் போட ஒரு கடதாசி இருந்தது. ஐயா வந்து இவருடைய கையைப் பிடித்தார். "நீர் கலங்காதையும். எங்கட சுதாகரன்தான் இனி எல்லாத்துக்கும் முன்னுக்கு நிக்கோணும். பாசை தெரிஞ்ச ஆள் நீர் ஒராள்தான்."

எங்கட சுதாகரன். அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அந்தக் கிழமை முழுவதும் கூட்டம்தான், மனுதான். எல்லாவற்றுக்கும் இவரைத்தான் கூப்பிட்டார்கள். இவர் சாப்பாட்டைத் தொடவில்லை. ஒருநாள், "போய் உள்ளதச் சொல்லிரட்டா?" என்று என்னிடம் கேட்டார். "சொன்னா இந்த ஊரில இருக்க முடியுமா? வயலும் போச்சு. ஊரும் போகணுமா?" என்று கத்தினேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. போனிலிருந்த படங்களை அன்றைக்கே அழித்தேன். அழித்து என்ன, அனுப்பினது அனுப்பினதுதான்.

ஞாயிற்றுக்கிழமை விமலேஸ்வரி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். பக்கத்துப் பக்கத்து வயல்காரர்களாக இத்தனை வருடம், அவா எங்கள் படலையைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. குசினிக்குள் வந்து, பலகையை இழுத்துப் போட்டு இருந்து, நான் கொடுத்த தேத்தண்ணீரை வாங்கிக் குடித்தார். எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்தறியாதவா. எனக்கு அழுகை வந்தது. வயல் போனதற்காக அழுகிறேன் என்று அவா நினைத்துக்கொண்டு என் தலையைத் தடவினார்.

"அழாதை பிள்ளை. நாளைக்குத் திங்கள். பொம்பிளையள் எல்லாரும் வற்றாப்பளைக்குப் போறம். அம்மாளட்டை முறையிட்டா அவா கேட்பா. காட்டிக் குடுத்தவன் ஆரெண்டு எங்களுக்குத் தெரியாட்டிலும் அவாவுக்குத் தெரியும். நீயும் பிள்ளையும் கட்டாயம் வரோணும்."

வராமல் நின்றால் ஏன் என்று கேட்பார்கள். இரண்டு வான் பிடித்துப் போனோம். வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிலில் பின்நேரப் பூசை முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. விமலேஸ்வரி அக்கா வெளிவீதியில் எல்லோரையும் அம்மாளைப் பார்க்க வரிசையாக நிறுத்தினார். ஆளுக்கு ஒரு தேங்காய். ஒவ்வொருவரும் தேங்காயைத் தலைக்கு மேலே பிடித்து, வாய்விட்டுச் சொல்லி, அடித்து உடைத்துவிட்டு, ஒரு பிடி மண்ணை அள்ளித் தூற்றவேண்டும்.

அவா முதல் தேங்காயை என் கையில் வைத்தார். "நீ தொடங்கு பிள்ளை. எல்லாரிலும் உனக்குத்தான் கூட அநியாயம் நடந்தது."

எனக்கு வாய் வரவில்லை. துக்கத்தில் வரவில்லை என்று நினைத்து அவா எடுத்துக் கொடுத்தார். "சொல்லு. எங்கட வயலைக் காட்டிக் குடுத்தவன் விளங்கப்படாது."

"எங்கட வயலைக் காட்டிக் குடுத்தவன் விளங்கப்படாது" என்றேன்.

"அவனோட சேந்து நிண்டவளும் விளங்கப்படாது."

அதையும் சொன்னேன்.

"அவன்ட பிள்ளையள் தலையெடுக்கப்படாது."

நிசாந்தினி என் பக்கத்தில்தான் நின்றாள். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டவேண்டாம் என்று கையைப் பிடித்தவள் அவள் ஒருத்திதான். பின்னால் பதின்மூன்று வீட்டுப் பெண்கள் தேங்காயோடு காத்துக்கொண்டு நின்றார்கள்.

"சொல்லு பிள்ளை. பலமாச் சொல்லு. அம்மாளுக்குக் கேட்கோணும்."

பலமாகவே சொன்னேன். தேங்காயை ஓங்கி அடித்தேன், அது சுக்குநூறாகச் சிதறியது. "அம்மாள் கேட்டிட்டா, கேட்டிட்டா" என்று பெண்கள் எல்லோரும் கையெடுத்தார்கள். விமலேஸ்வரி அக்கா அடுத்த தேங்காயை எடுத்து என் மகளிடம் நீட்டினார்.